ஊசித்தெருவில் முளைத்த காலி மனை

கம்ப்யூட்டருக்குள் வாங்கிப் போட்ட இடம் கம்ப்யூட்டரில் காட்டாமல் தெருவில் போய்க் காட்டிய கதை இது. நம்புகிறவர்கள் முன்னால் உட்காருங்கள், நம்பாதவர்கள் பின்னால் உட்காருங்கள், பாதியில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.

கோவில்பட்டியில் ஊசித்தெரு என்று ஒரு சந்து உண்டு. முனிசிபாலிட்டிப் பலகையில் ஏதோ ஒரு தலைவர் பேர் எழுதியிருந்தாலும் தபால்காரர் முதற்கொண்டு எல்லாருக்கும் அது ஊசித்தெருதான். எதிரும் புதிருமாக இரண்டு சைக்கிள் வந்தால் ஒருத்தர் இறங்கி அடுத்தவர் வீட்டு வாசற்படியில் ஏறி நின்று, கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போகமுடியும், ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எதிர்வீட்டில் தும்முவார்கள், சடங்கு கல்யாணம் என்றால் பந்தல் போட வழி கிடையாது, புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூட மெதுவாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஊசித்தெருக்காரர்கள் சாமியிடம் போனால் மற்றவர்களைப் போலப் பொன்னும் பொருளும் கேட்க மாட்டார்கள், கொஞ்சம் இடம் குடு ஆத்தா, காலை நீட்ட ஒரு எடம் குடு என்றுதான் கேட்பார்கள்.

அந்தத் தெருவின் நடுமத்தியில் தங்கபுஷ்பத்தின் வீடியோ மிக்ஸிங் கடை. ஊரில் யார் வீட்டுக் கல்யாணமும் அவள் கைக்கு வந்துதான் கல்யாணமாகும். மாப்பிள்ளை கொட்டாவி விட்டால் அதை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூவைப் பூக்க வைப்பாள், மாமியார் முறைத்தால் அந்த முறைப்பின் மேல் இரண்டு புறாக்களைப் பறக்கவிட்டு மூடிவிடுவாள். வாய்தான் கொஞ்சம் நீளம், மனசு வெல்லம்.

இப்போது அவள் கையில் இருந்தது அதே தெருவில் இருக்கும், அவளுக்கு அண்ணி முறையான சொர்ணத்தாய் மைனி மகள் கோசலையின் கல்யாணம். கோசலையின் அப்பா ஆவுடையப்பன் மஸ்கட்டில் வெல்டிங் வேலை. மகள் கல்யாணத்துக்கு வரத் துணிமணி எல்லாம் எடுத்து வைத்திருந்த மனுஷனைக் கடைசி நேரத்தில் லீவு கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். தாரை வார்க்கும் நேரம் வந்தபோது, அவர் தம்பியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார் ஐயர். சொர்ணத்தாய் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஒரு மணைப்பலகையைக் காலியாகப் போட்டு, அதன்மேல் அவருக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை மடித்து வைத்து, ஒற்றை ஆளாகச் சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் வார்த்தாள். மண்டபமே மூக்கை உறிஞ்சியது. கோசலை மட்டும் அன்றிலிருந்து ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்: "தண்ணி விழும்போது எங்கப்பா கை என் கைக்கு அடியில இருந்துச்சு. காச்சுப்போன கை, சொரசொரன்னு. எனக்குத் தெரியாதா?" பிள்ளைக்கு அப்பா மேல் அவ்வளவு ஆசை என்று எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டு விட்டுவிட்டார்கள்.

கல்யாண வீடியோவைப் போனில் அனுப்பவா என்று தங்கபுஷ்பம் கேட்டதற்கு ஆவுடையப்பன் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். "வேண்டாம் புஷ்பம். உள்ளங்கை அகலத்துல எம்மவ கல்யாணத்தப் பாக்க மாட்டேன். நான் ஊருக்கு வருவேன். தெருவுல பெரிய வேட்டியக் கட்டிப் படத்தைப் போடு. தெருவே உக்காந்து பாக்கட்டும், அதுல நானும் ஒருத்தனா உக்காந்து பாக்குதேன்."

அவர் வரும் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது, தெருவுக்கே கால் தரையில் பாவவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் கடையிலிருந்த பழைய ஹார்ட் டிஸ்க் டக், டக் என்று தட்ட ஆரம்பித்தது. ஹார்ட் டிஸ்க் தட்டினால் அது போகப் போகிறது என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கோசலை கல்யாணம் அதில் மட்டும்தான் இருந்தது. கேமராவில் இருந்ததை எப்போதும்போல அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. தங்கபுஷ்பம் கடையைப் போட்டது போட்டபடி விட்டாள். ஓடிப்போய் ஒரு புது ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தாள். ஊரிலுள்ள அத்தனை கல்யாணமும் கொள்ளும் அளவுக்குப் பெரிசு. வீட்டுக்கு எந்தப் புதுச் சாமான் வந்தாலும் செய்வதுபோல அதற்கும் மஞ்சளைத் தொட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பெட்டிக்குள் மாட்டி, "ஆத்தா, காப்பாத்து" என்று சுவிட்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் எழுந்தது. பழைய டிஸ்க்கைக் காட்டியது. புதுசைக் காட்டவே இல்லை.

அலறியடித்துக்கொண்டு அவள் போன் போட, கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் கோமதிநாயகம் திருப்புளியும் கையுமாக வந்து பெட்டியைத் திறந்தான், திறந்தவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"யக்கா, ஆயுதபூசையா கொண்டாடியிருக்க? கேபிள் மாட்டுற வாயிலயே சந்தனத்த அப்பி வச்சிருக்கியே, அது எப்படி மூச்சு விடும்?"

"பொட்டு வைக்காம எப்படிடே வேலையத் தொடங்க? நெத்தி எதுன்னு அதுல எழுதியா இருக்கு?"

சந்தனத்தைத் துடைத்தான், கேபிளை மாற்றினான், வேறு சொருகியில் சொருகினான், கரண்டு போகிறதா என்று காதை வைத்துக் கேட்டான். டிஸ்க் உள்ளே உர்ரென்று நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் திரையில் இல்லை. அந்தச் சமயத்தில்தான் வெளியே பக்கத்து மாவு மில் பலவேசம் அண்ணாச்சி, உடம்பெல்லாம் கோதுமை மாவோடு, தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏ புஷ்பம்! உன் கடைக்கும் என் மில்லுக்கும் நடுவுல இதென்னட்டி புதுசா?"

இரண்டு கட்டடத்துக்கும் பொதுச்சுவர் ஒன்றுதான். அந்தச் சுவர் இருந்த இடத்தில் இப்போது ஒரு ஆள் நுழைகிற வழி இருந்தது, வழிக்கு அந்தப்பக்கம், கடையும் நகராமல் மில்லும் நகராமல், தேர் வந்து சுற்றித் திரும்புகிற அளவுக்கு ஒரு காலி மனை விரிந்து கிடந்தது, புல் கிடையாது, கல் கிடையாது, ஒரு காகிதக் குப்பை கிடையாது, புதுச் சாமான் உறையைப் பிரித்தால் வரும் ஒரு வாசம் மட்டும் வந்தது, தரையில் கால் வைத்தால் பாதத்துக்குக் கீழே மெல்ல உர்ரென்றது. கோமதிநாயகம் அந்த உர்ரைக் கேட்டான், யோசித்தான், உள்ளே போய்ப் புது டிஸ்க்கின் கேபிளை உருவினான். மனை போய்ச் சுவர் வந்துவிட்டது. மறுபடி சொருகினான். சுவர் போய் மனை வந்தது.

"டிஸ்க்ல ஒண்ணும் கோளாறு இல்லக்கா," என்றான் முகமெல்லாம் சிரிப்பாக. "காட்டுற எடந்தான் மாறிப்போச்சு."

அதற்குள் தெருவே மனைக்குள் போய்விட்டது. எப்படி வந்தது, யார் கொடுத்தது என்றெல்லாம் ஒருத்தரும் கேட்கவில்லை, இத்தனை வருஷமாகக் கேட்டோம், ஆத்தா இப்போதுதான் காது கொடுத்திருக்கிறாள் என்று முடித்துவிட்டார்கள். ஆண்கள் கையைக் காலைப் பரப்பிப் படுத்தார்கள், பெண்கள் சேலையை முழு நீளத்துக்கு விரித்துக் காயப்போட்டுவிட்டு அந்த நீளத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள், பிள்ளைகள் திரும்ப வேண்டிய அவசியமே இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள், பல வருஷமாக மெதுவாகவே சண்டை போட்டுவந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு மூலைக்குப் போய் நின்று ஆசைதீர ஒருவரை ஒருவர் வைது தீர்த்துவிட்டு, கைகோத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த மனைக்கு ஒரு குணம் இருந்தது. அதில் எதை வைத்தாலும் வைத்தவர் வெளியே வந்ததும் சாமானும் அவர் வீட்டுக்கே போய்விடும். காயப்போட்ட வத்தல் பக்குவமாகக் காய்ந்து தானாக டப்பாவில் ஏறியிருக்கும், கட்டிலைப் போட்டுத் தூங்கி எழுந்து நடந்தால் கட்டில் முன்னாலேயே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். "இதுவும் நல்லதுக்குத்தான், தூக்கிச் சுமக்க வேண்டாம் பாரு," என்று தெரு அதையும் பழகிக்கொண்டது.

பலவேசம் அண்ணாச்சிக்கு மட்டும் ஒரு விசாரம். காலி மனை என்றால் ஆம்பிளைகள் சுவரோரம் ஒதுங்குவார்கள், நாற்றம் மில்லுக்குள் வரும். அதற்கு ஊர் உலகத்தில் எல்லாரும் செய்கிற காரியத்தை அவரும் செய்தார். ஓடைக்கரையில் கிடந்த ஒரு கல்லை எடுத்துவந்து, கழுவி, மஞ்சள் பூசி, ஒரு குங்குமப் பொட்டை வைத்து மனையின் ஓரத்தில் நட்டுவிட்டார். மறுநாள் காலையில் அதற்கு யாரோ அரளிப்பூ மாலை போட்டிருந்தார்கள், மத்தியானம் ஒருத்தி எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டாள், சாயங்காலம் அதற்குச் சுடலை என்று பேரும் வந்துவிட்டது. ஓடைக்கல்லுக்குச் சொந்தக்காரர் கிடையாது, அதனால் அது மட்டும் யார் வீட்டுக்கும் போகாமல் வைத்த இடத்திலேயே இருந்தது.

இத்தனை கொண்டாட்டத்துக்கும் நடுவில் தங்கபுஷ்பத்துக்கு மட்டும் ஒரு கண் கலங்கியே இருந்தது. பழைய டிஸ்க்கின் தட்டல் கூடிக்கொண்டே வந்தது. வெள்ளிக்கிழமையும் விடிந்துவிட்டது. ஆவுடையப்பன் தூத்துக்குடியில் விமானம் விட்டு இறங்கிவிட்டதாகப் போன் வந்தது. கோசலையும் சாத்தூரிலிருந்து மாப்பிள்ளையோடு வந்து, அம்மா வாசலுக்கும் கடை வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கோமதிநாயகம் கம்ப்யூட்டரின் அடிவயிற்றுக்குள் எங்கெங்கோ போய்க் கடைசியில் ஒரு பக்கத்தைத் திறந்தான். அங்கே ஒரு கறுப்புப் பட்டை, அதன்மேல் 'ஒதுக்கப்படாத இடம்' என்று எழுதியிருந்தது.

"பாத்தியா யக்கா, இருக்கு! எடம் இருக்கு, ஆனா யாரு எடம்னு சொல்லல. எல்லையப் போட்டு, ஒரு பேர வச்சு, பார்மட் பண்ணிக் குடுத்தோம்னா கம்ப்யூட்டர் ஏத்துக்கிடும்."

"அட என் ராசா, அப்ப அமுக்குடே!"

அமுக்கினான். 'இந்த இடத்தை யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்' என்று வந்தது. மறுபடி அமுக்கினான். மறுபடியும் அதே. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார்கள். ஊசித்தெரு மொத்தமும் மனையில் மல்லாந்து கிடந்தது.

வெளியே வாங்க என்றால் வருவார்களா? இடத்தைக் கண்டிராத ஜனம். "நாளைக்குப் பண்ணலாம் புஷ்பம்," என்றார் ஒருத்தர் கண்ணைத் திறக்காமலே. "பார்மட் பண்ணா எடம் போயிருமாட்டி?" என்று கேட்டாள் ஒருத்தி, சேலையை நீவிவிட்டுக்கொண்டே.

"போயிரும்," என்றாள் தங்கபுஷ்பம், பொய் சொல்ல வரவில்லை. "கம்ப்யூட்டருக்குள்ள போயிரும்." ஒருத்தரும் அசையவில்லை. அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கடைக்குள் போய்ப் பழைய டிஸ்க்குக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து, ஸ்பீக்கரைத் தூக்கி வாசலில் வைத்தாள். டக், டக், டக் என்று மனை முழுக்கக் கேட்டது. "கேட்டுக்கிடுங்க, இது கோசலை கல்யாணம், உசுரு போற சத்தம். அந்த மனுசன் என்ன சொன்னாரு? தெருவோட உக்காந்து பாக்கணும்னாரு. தெரு எங்க இருக்கு? இங்கன சோம்பேறியாப் படுத்துக் கெடக்கு! அடுத்த வீட்டுத் தும்மலுக்கு நூறாயுசு சொல்லித்தான வாழ்ந்தோம், எடம் கெடைச்சதும் எல்லாம் மறந்துபோச்சோ?"

முதலில் எழுந்தது சண்டை போட்ட அந்தப் புருஷன் பெண்டாட்டிதான். பிறகு ஒவ்வொருவராக, மண் ஒட்டாத அந்தத் தரையிலிருந்து எழுந்தும் முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். மனை வெறிச்சென்று ஆயிற்று. கோமதிநாயகம் அமுக்கினான். யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்றே வந்தது.

"அட சவமே, இன்னும் யாருடே உள்ள?" என்று தங்கபுஷ்பம் வழியில் நின்று பார்த்தாள். ஓரத்தில், அரளி மாலையோடு, சுடலை உட்கார்ந்திருந்தார்.

எல்லாரும் பலவேசத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். நட்டது அவர்தான், ஆனால் நட்டபோது அது கல், இப்போது சாமி. சாமியை எழுந்திரு என்று யார் சொல்வது? பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார்கள். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் பொட்டலம் கட்டிக் குலுக்கிப் போட்டார்கள், வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. பலவேசம் கண்ணை மூடி எடுத்தார். பிரித்தால் சிவப்பு. தெரு "ஐயோ" என்றது. ஸ்பீக்கரில் தட்டல் இப்போது விட்டு விட்டுக் கேட்டது.

"ஒண்ணுக்குப் போறதத் தடுக்கத்தான வச்சேன்னு கோவமா சாமி?" என்று பலவேசம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தப்புதான். கெடா வெட்டிப் பொங்க வைக்குதேன். நம்ம புள்ள கல்யாணத்துக்கு எடம் விடு சாமி, ஒனக்குப் பாத்து நல்ல எடமாத் தாரோம்."

இந்த முறை சொர்ணத்தாய் எடுத்தாள். வெள்ளை! தெரு போட்ட குலவையில் மாவு மில் தகரம் அதிர்ந்தது. பலவேசம் கல்லைப் பிள்ளையைத் தூக்குவதுபோல மாரோடு அணைத்துத் தூக்கிக்கொண்டுபோய், தங்கபுஷ்பத்தின் கம்ப்யூட்டர் பெட்டிக்கு மேலேயே வைத்தார். கோமதிநாயகம் அமுக்கினான். மனை ஒரு தரம் கண் சிமிட்டுவதுபோல் இருண்டு வெளிச்சமானது.

"பேர் கேக்குதுக்கா! என்ன பேர் வைக்க?"

ஆளாளுக்கு ஒரு பேர் சொன்னார்கள், பலவேசம் தன் தகப்பனார் பேரைச் சொல்லிப் பார்த்தார். சொர்ணத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, புருஷன் பேரை வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாதவள், தெருவே கேட்கச் சொன்னாள்: "ஆவுடையப்பன்னு போடு."

திரையில் பழைய டிஸ்க்குக்குப் பக்கத்தில் புதுசாக ஒன்று எழுந்து நின்றது. ஆவுடையப்பன். தங்கபுஷ்பம் "வந்துட்டாருடே!" என்று கூவிக்கொண்டே கோசலை கல்யாணத்தை இங்கிருந்து தூக்கி அங்கே போட்டாள்.

எவ்வளவு ஏறியது என்று காட்டும் பச்சைக் கோடு திரையில் ஊர ஆரம்பித்ததும் மனைக்குள் நாயனச் சத்தம் கேட்டது. முதலில் மண்டபத்து வாழைமரம் வந்தது, அடுத்து கோலம், அடுத்து மணமேடை, அடுத்து பன்னீர் தெளிக்கிற பெண்கள், பிறகு திபுதிபுவென்று அன்றைக்கு வந்த ஜனம் மொத்தமும் அவரவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. வெளியே நின்ற ஊசித்தெரு உள்ளே உட்கார்ந்திருந்த ஊசித்தெருவைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. "அண்ணாச்சி, அன்னைக்கு ரெண்டாம் பந்தியிலயும் உக்காந்திருக்கீரு!" என்று யாரோ பிடித்துவிட்டார்கள். "மாவு மில்காரன் வயிறு, அப்படித்தான்," என்றார் பலவேசம், கொஞ்சமும் கூச்சமில்லாமல். மேடையில் கோசலை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சொர்ணத்தாய் சொம்பை எடுத்தாள், பக்கத்தில் காலி மணைப்பலகை, பலகைமேல் வெள்ளைச் சட்டை. சொம்பு சாய்ந்தது.

டக் என்றது பழைய டிஸ்க். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. பச்சைக் கோடு நின்றுவிட்டது. மனைக்குள் நாயனம் பாதிச் சுரத்தில் நின்றது, தூவிய அட்சதை காற்றிலேயே நின்றது, சொம்பிலிருந்து இறங்கிய தண்ணீர் கோசலையின் கையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. தங்கபுஷ்பம் பழைய டிஸ்க்கை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "போயிராத, எந்தங்கம்ல, இந்த ஒரு சொம்புத் தண்ணி மட்டும் விழட்டும்," என்று அழுதாள். கோமதிநாயகத்துக்கும் அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை.

அப்போது தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. ஊசித்தெருவுக்குள் ஆட்டோ வராது. ஆவுடையப்பன் இறங்கி, பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி நடந்து வந்தார். தெருவே ஒரு வழியை அடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார், வழிக்கு அந்தப்பக்கம் வாழைமரத்தையும் மேடையையும் மகளையும் பார்த்தார். ஒரு நொடி நின்றார், அவ்வளவுதான்.

"ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று கேட்டார் மூச்சு வாங்க.

"உங்களுக்குத்தாண்ணே நிக்கிது," என்றாள் தங்கபுஷ்பம். "சட்டை பலகை மேல இருக்கு. வெரசா மாத்திக்கிட்டு உக்காருங்க."

செருப்பை வாசலில் விட்டார். அந்தரத்தில் நின்ற அட்சதைக்குக் குனிந்து, நாற்காலிகளுக்கு நடுவே பெட்டியோடு நுழைந்து, மேடையேறி, பெட்டியைத் தூணோரம் வைத்தார். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தீப்பொறி பட்டுக் காய்த்துப்போன தன் கையை மகள் கைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். தண்ணீர் விழுந்தது.

நாயனம் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு கெட்டிமேளமாகக் கொட்ட, பழைய டிஸ்க் மறுபடி சுற்ற, பச்சைக் கோடு ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது, அதோடு பழைய டிஸ்க் தன் கடனை முடித்தாற்போல் அடங்கிப்போயிற்று. தெரு குலவையிட்டு, அழுது, ஒன்றையொன்று கட்டிக்கொண்டது. ஆவுடையப்பன் பந்தியிலும் உட்கார்ந்து, மீசையில் பாயசத்தோடும் கையில் பெட்டியோடும் வெளியே வந்தார். அவர் கால் எடுத்ததும் மனை ஒடுங்கிச் சுவரானது. சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, கால நீட்டினவரைக்கும் லாவம்," என்று எல்லாரும் அவரவர் வாசலுக்குப் போய் வெயில் தாழக் காத்திருந்தார்கள்.

பொழுது சாய்ந்ததும் இந்த வீட்டு மாடிக்கும் எதிர்வீட்டு மாடிக்கும் குறுக்கே வேட்டியைக் கட்டிப் படத்தைப் போட்டார்கள். இடமில்லாமல் ஒருவர் மடியில் ஒருவராகத் தெரு உட்கார்ந்திருந்தது, நடுவில் ஆவுடையப்பன், ஒரு பக்கம் சொர்ணத்தாய், ஒரு பக்கம் கோசலை. தாரை வார்க்கும் இடம் வந்தது. பலகை காலியாக இல்லை. வெள்ளைச் சட்டையில் அவர் உட்கார்ந்திருந்தார், பின்னால் தூணோரம் விமான அட்டை தொங்கும் பெட்டி. குனிந்தே இருந்த கல்யாணப்பெண் தண்ணீர் விழும்போது தலை நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வெட்டவோ ஒட்டவோ பூப்போடவோ தங்கபுஷ்பத்துக்குத் தோன்றவில்லை.

கோசலை தான் பிடித்திருந்த அந்தச் சொரசொரத்த கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, எல்லாரையும் ஒரு சுற்றுத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னம்லா," என்றாள்.